கிளட்சும் கியர்பாக்ஸும்: இறக்கும் முன், இறக்கிய பின்

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்கள் மறைமலை நகரைத் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோவில் கூட்டு ரோடு வரும். அங்கே வலப்பக்கம் பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. இரண்டு அடுக்காகப் புத்தம்புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் நாள் முழுக்க ஓடுகிற தடம் அது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை வெளியே விட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 1999-இல் ஐகானைக் கொண்டுவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010-இலும், பாரத்பென்ஸ் லாரிகள் 2012-இலும் தொடங்கின. இவற்றுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பு, இதே ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஹெரால்டு கார்களைச் செய்தது.

புதுக் கார் பிறக்கிற ஊரில் பழைய காருக்கும் குறைவில்லை. முதல் சான்ட்ரோக்களுக்கு இப்போது வயது 25-க்கு மேல். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்றுபோன மாருதி 800 இன்னும் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களைச் சுமக்கிறது. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகும் ஃபிகோக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 15 வயது கடந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாய்க்குப் பதில் 5,000 ரூபாய் கட்டணம் என்று ஆனபோதும் பலர் காரை விற்கவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு ஓட்டுகிறார்கள்.

அப்படி ஓட்டுகிறவர்களிடம் பட்டறைக்காரர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்." பாதி நேரம் அது உண்மையல்ல. கேபிளிலோ, ரப்பர் மவுண்டிலோ, ஆயிலிலோ இருக்கும் குறைக்காகக் கியர்பாக்ஸைத் தரையில் இறக்குவது வீண் செலவு. ஆனால் இறக்கியே ஆகவேண்டிய குறை என்றால், இறக்கியபின் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி மூடுவது அதைவிடப் பெரிய வீண் செலவு. இந்த அத்தியாயத்தின் வரிசை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காக அமைந்தது: முதலில் ஓட்டிப் பார்ப்பது, அடுத்து வெளியிலிருந்தே கைவைப்பது, கடைசியாகத்தான் இறக்குவது.

உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினோடு ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன் மேல் பிரஷர் பிளேட் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நசுங்கி நிற்கிறது. அதன் நடுத்துளையிலுள்ள பற்களில் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைந்திருக்கிறது. பெடலை மிதித்தால் ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும்; அது பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும்; பிடி விடும்; இன்ஜின் சுற்றினாலும் கியர்பாக்ஸுக்குச் சக்தி போகாது. அந்த இடைவெளியில்தான் கியர் மாறுகிறது.

பிளேட் முழுதாகப் பிடித்திருக்கும்போதும் முழுதாக விட்டிருக்கும்போதும் தேய்மானம் அநேகமாக இல்லை. உராய்ந்துகொண்டே பாதிப் பிடியில் நிற்கும் நேரத்தில்தான் சூடும் தேய்மானமும். ஒரகடம் சாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையில் அடி அடியாக நகர்கிற காரில் ஓட்டுநரின் இடது கால் 'ஹாஃப் கிளட்ச்'சிலேயே கிடக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற காரில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி உழைக்கிற பிளேட், இப்படி ஓட்டினால் அதில் பாதித் தூரத்துக்குள் கருகிவிடக்கூடும்.

ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பது

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கும் முன் கேள்வி கேட்பார்.

"அண்ணே, கியர் விழ மாட்டேங்குது."

"இன்ஜின் ஓடும்போதா, ஆஃப் பண்ணினாலுமா?"

இந்த ஒரு கேள்வியே வேலையைப் பாதியாகக் குறைக்கும். இன்ஜின் ஆஃபில் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குறை கிளட்சில்: பெடலை மிதித்தும் அது முழுதாக விடவில்லை. ஆஃபிலும் விழவில்லை என்றால் கிளட்சை மறந்துவிட்டு கியர் லிவர், அதன் ராடு அல்லது கேபிள், புஷ், கடைசியாகக் கியர்பாக்ஸின் உட்பகுதி என்று தேட வேண்டும்.

கிளட்ச் விடவில்லை என்பதை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்கு, பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ கிடையாது. நின்ற காரில் பெடலை முழுதாக மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடவேண்டும். அதற்குள் இன்புட் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். பொறுத்த பிறகும் 'கர்ர்' என்று பல் உரசினால் பிளேட் இன்னும் சுற்றுகிறது.

ஸ்லிப் ஆவதைக் கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் பிளேட் வழுக்குகிறது. மேடு ஏறும்போது கருகிய வாடை வருவதும் இதே கதைதான். நின்ற இடத்தில் பார்ப்பதானால் முன்னால் ஆள் நிற்காத இடமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடலாம். இன்ஜின் உடனே திணறி ஆஃப் ஆனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. திணறாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்லிப். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யக்கூடாது. சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

அடுத்தது காது. நியூட்ரலில், பெடலிலிருந்து கால் எடுத்த நிலையில் ஒரு இரைச்சல் வந்து, பெடலை மிதித்ததும் அடங்கினால் அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்ததும் ஷாஃப்ட் நின்றுவிடுவதால்தான் சத்தமும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். அம்பாசடர் போன்ற பின்சக்கர இழுவைக் கார்களில் ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் புஷ்ஷும் இதே நேரத்தில் கத்தும். அந்தக் கார்களில் இன்னொரு துப்பும் உண்டு: டாப் கியரில் சக்தி நேராகப் பாய்வதால் அடிஷாஃப்டுக்குச் சுமை இல்லை. எனவே மற்ற கியர்களில் ஊளையிட்டு டாப்பில் அமைதியாகிற பெட்டியில் அடிஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

வளைவில் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். நியூட்ரலில் உருண்டாலும் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை வீல் பேரிங்காகவோ டிஃபரன்ஷியலாகவோ இருக்கும். இரண்டுக்கும் கிளட்சைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய அம்பாசடரிலும் ஃபியட் பத்மினியிலும் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. உருளும் காரில் முதல் கியர் உரசினால் அது பழுதல்ல, வடிவமைப்பு. சிங்க்ரோ முறையே 1928-இல் காடிலாக் காரில்தான் முதலில் வந்தது. முதல் கியருக்கும் அதைப் பொருத்துவது சாதாரணமாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் கார்களில் முழுதாக நின்றபின் முதல் கியர் போடவேண்டும். இல்லையென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் சற்று ஆக்சிலரேட்டர் கொடுக்கப் பழக வேண்டும்.

வெளியிலேயே முடிகிற வேலைகள்

முதலில் பெடலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். தடித்த மிதியடி மடங்கி பெடலை முழுதாக இறங்கவிடாமல் தடுத்ததால் கிளட்ச் 'விடாத' கார்கள் பட்டறைக்கு வருவதுண்டு.

மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்றவற்றில் கிளட்ச் கேபிள்தான். பெடலை விரலால் அழுத்தினால் எதிர்ப்பு தொடங்கும் முன் சற்று வெறுமனே நகர வேண்டும். அதுதான் ஃப்ரீ பிளே. பல சிறு கார்களில் இது 15 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவை அந்தந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையுமே தவிர அதிகமாகாது. இடைவெளி இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கால் வைக்காமலேயே கிளட்ச் பாதிப் பிடியில் நிற்கும். இப்படி ஸ்லிப் ஆகும் காருக்குத் தேவை ஒரு 10 நம்பர் அல்லது 12 நம்பர் ஸ்பானரும் ஐந்து நிமிடமும்தான். சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி இடைவெளி வரவழைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். நட் திரும்ப இனி மரை இல்லை என்ற நிலை வந்திருந்தால் பிளேட் அதன் காலத்தை முடித்துவிட்டது என்று பொருள்.

பெடல் கனத்துப்போனால் கேபிளின் இரு முனையையும் கழற்றி உள்கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். சரளமாக ஓடவில்லை என்றாலோ, முனையில் ஓர் இழை பிரிந்திருந்தாலோ புதுக் கேபிள். எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் நடுச்சாலையில் அறுந்து நிற்கும்.

ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் திரவம் வேலை செய்கிறது. பெடல் 'சொத்'தென்று உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால் திரவம் கசிகிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. பெடலுக்கு மேல் ஈரம் தெரிந்தால் மாஸ்டர் சிலிண்டர். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் உள்ளேயிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதற்கு இறக்கித்தான் ஆகவேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்து திரவம் போவதால் கிளட்ச் கசிவை அலட்சியம் செய்தால் அது பிரேக் பிரச்சினையும் ஆகும். டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து அதே வகையை ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். திரவம் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கிளட்ச் விடும்போது கார் உதறினால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களை முதலில் பார்க்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சைச் சற்றே விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கிழிந்த மவுண்ட் கியரைத் தானாக நழுவவிடவும் செய்யும். லிவர் தளதளவென்று ஆடினால் அடியிலுள்ள ராடு புஷ்களை மாற்றினாலே பல கார்களில் கியர் மறுபடி துல்லியமாக விழும்.

கடைசியாக ஆயில். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்ப்பது விதி. வடித்துவிட்டு மேல் போல்ட் இறுகிப்போயிருப்பதைக் கண்டால் கார் அங்கேயே நிற்கும். பெரும்பாலான பெட்டிகளில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் இருந்தால் சரியான அளவு. வடியும் ஆயிலைக் காந்தத்தோடு பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பசை போன்ற மென்துகள் வயதின் அடையாளம். ஊசி போலவோ துண்டாகவோ இரும்பு வந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

ஆயில் வாங்கும்போது எண் மட்டும் பார்த்தால் போதாது, ஜிஎல்-4 என்றும் ஜிஎல்-5 என்றும் தரம் இருக்கிறது. ஜிஎல்-5 பின்பக்க ஆக்சிலின் கடும் அழுத்தத்துக்காக வந்தது. அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் சிலவகை ஆயில்களில் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கையேடு ஜிஎல்-4 என்றால் 'அதைவிட உசத்தி' என்று கடைக்காரர் ஜிஎல்-5 தந்தாலும் வாங்கக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், தாம்பரம் பக்கம் கார்கள் கூரை வரை முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நின்ற கார்களில் இன்ஜினையும் வயரிங்கையும் பார்க்கிறவர்கள் கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் மேல் ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி அந்த வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த டீ போல வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே வடித்து, புது ஆயில் ஊற்றி, சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். தாமதித்தால் பேரிங்கில் துரு குடியேறும்.

வாரக்கணக்கில் ஈரத்தில் நின்ற காரில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் நடக்கும். பெடல் சரியாக இறங்கும். ஆனால் எந்தக் கியரும் விழாது. இறக்கும் முன் இதற்கொரு முயற்சி செய்யலாம். இன்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடேற்றி ஆஃப் செய்ய வேண்டும். எதிரில் ஆளோ சுவரோ இல்லாத திடலில் இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் கார் நகரத் தொடங்கும். பெடலை விடாமல் ஆக்சிலரேட்டரைக் கொடுத்து எடுத்தால் பல நேரம் பிளேட் 'பட்'டென்று விடுபடும். இரண்டு முயற்சிக்குள் விடவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். போக்குவரத்து உள்ள தெருவில் இதைச் செய்யவே கூடாது.

இறக்குவது

சிறிய காரின் கியர்பாக்ஸே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாள் மார்பில் தாங்கி இறக்கும் வேலை அல்ல இது. இரண்டு பேர், கான்கிரீட் தளம், இரண்டு ஜோடி ஸ்டாண்ட், முடிந்தால் வாடகைக்கு ஒரு கியர்பாக்ஸ் ஜாக்கி. மண் தரையில் செங்கல் அடுக்கிய ஏற்பாட்டின் கீழ் யாரும் படுக்கக் கூடாது. செங்கல் சொல்லாமல் உடையும்.

முன்சக்கர இழுவைக் காரில் வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும். டிரைவ் ஷாஃப்டின் நடு நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்தபின் காரைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வடிக்க வேண்டும். கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்ச், எர்த் வயர், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்து வைப்பது பின்னால் மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். அடுத்து கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட்டை விடுவித்து, டிரைவ் ஷாஃப்டுகளைக் கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். எடுத்த ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தால் ஜாயின்டும் அதன் ரப்பர் உறையும் பிழைக்கும்.

கியர்பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்றியதும் இன்ஜின் சாயும் என்பதால், அதற்கு முன்பே ஆயில் பானுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். மேலிருந்து குறுக்குக் கம்பியில் சங்கிலியால் பிடிப்பது இன்னும் நல்லது. பெட்டியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இராது. ஓர் அட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்த போல்ட்டைக் குத்தி வைப்பது பட்டறைகளின் பழைய வழக்கம். பெட்டி இன்ஜினிலிருந்து நேராக விலகி வரவேண்டும். பாதி வந்த நிலையில் இன்புட் ஷாஃப்ட் மீது அதைத் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

அம்பாசடர் போன்ற கார்களில் டிரைவ் ஷாஃப்டுக்குப் பதில் நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட். கழற்றும் முன் இரு பக்க ஃப்ளாஞ்சிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அதே நிலையில் திரும்பப் பூட்டலாம். மாற்றிப் பூட்டினால் வேகத்தில் அதிர்வு வரும்.

பிரித்ததும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை ஊதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

கிளட்ச் பிளேட்டில் ரிவிட் தலை லைனிங்குக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளக்க வேண்டும். 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் பல கையேடுகள் மாற்றச் சொல்கின்றன. நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் ஆடக்கூடாது. லைனிங் பளபளவென்று கறுத்திருந்தால் ஆயில் பட்டிருக்கிறது. அப்போது பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே வேலை திரும்ப வரும். இன்ஜின் பக்கத்து பின் ஆயில் சீலா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலா என்று பார்த்து அதையும் மாற்றியாக வேண்டும். முகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்: கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு.

பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் கடும் சூட்டின் தடயம். லேசான கீறல் என்றால் லேத் பட்டறையில் ஒரு சீவு சீவலாம். படி வைத்த ஃப்ளைவீல் என்றால் இரண்டு மட்டத்தையும் ஒரே அளவு சீவ வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் மாறிவிடும். வெடிப்பு ஆழமாக இருந்தால் லேத் வேலை உதவாது. சில டீசல் கார்களிலுள்ள இரட்டை ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றவே கூடாது.

ரிலீஸ் பேரிங் நன்றாகச் சுற்றினாலும் புதிதாகவே போடவேண்டும். பழையதைப் பெட்ரோலில் கழுவிப் போடுகிறவர்கள் உள்ளே அடைத்த கிரீஸைக் கரைத்துவிடுகிறார்கள். அது அதிக நாள் தாங்காது. ஃபோர்டு வகையில் ஸ்லேவ் சிலிண்டரும் உள்ளேயே இருப்பதால் அதுவும் பட்டியலில் சேரும். கூலியின் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்குத்தான். பிளேட் மட்டும் மாற்றினாலும் முழு செட் மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றே.

பெட்டியைப் பிரிப்பதா, புதுப்பேட்டைக்குப் போவதா

ஓட்டிப் பார்த்தபோது பேரிங் இரைச்சலோ, ஒரு குறிப்பிட்ட கியரில் உரசலோ இருந்திருந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டாவது கியர் உரசுவதே பழைய கார்களில் அதிகம். நகர ஓட்டத்தில் அடிக்கடி மாறுவது அதுதான். திறந்ததும் சிங்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பு மேல் அழுத்தி, வளையத்துக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்து அளக்க வேண்டும். புதியதில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இருக்கும் இந்த இடைவெளி 0.5-க்குக் கீழே போனால் வளையம் தேய்ந்துவிட்டது என்று பல சிறு கார்களுக்குக் கணக்கு. அளவுகோல் இல்லாவிட்டால் கையால் அழுத்தித் திருகிப் பார்க்கலாம். நல்ல வளையம் கவ்விப் பிடிக்கும், தேய்ந்தது வழுக்கும். கியர் தானாக நழுவுகிற பெட்டியில் சிறு பற்களின் முனை உருண்டிருக்கிறதா, ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா, லாக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஸ்பிரிங்கும் குண்டும் பிரிக்கும்போது எகிறிப் போகும். மேலே ஒரு துணி போட்டுக் கழற்றுவது நல்லது.

அலுமினியப் பெட்டியின் இரு பாதியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சேரும் முகம் சிதைந்து காலமெல்லாம் ஆயில் கசியும். ரப்பர் சுத்தியலால் தட்டிப் பிரிக்க வேண்டும். பேரிங்கை இழுக்கவும் அழுத்தவும் புல்லரும் பிரஸ்ஸும் தேவை. அவை இல்லாதவர்கள் ஷாஃப்டை மட்டும் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போகலாம். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை.

பற்களே உடைந்த பெட்டிக்கு உதிரிபாகம் தேடுவதைவிட, பழைய முழுப்பெட்டி வாங்குவது மலிவாக முடியலாம். அதற்குச் சென்னைக்காரர்கள் போகும் இடம் புதுப்பேட்டை. அங்கே வாங்குகிறவர் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். ஆயில் போல்ட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டு நிறத்தையும் துகளையும் பார்ப்பது முதல் சோதனை. ஒவ்வொரு கியராகப் போட்டு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி, தடங்கலோ பக்கவாட்டு ஆட்டமோ இருக்கிறதா என்று உணர்வது இரண்டாவது. மூன்றாவதாக, பெட்டியின் எண்ணைப் பழைய பெட்டியின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வெளியே ஒன்றுபோல் தெரியும் பெட்டிகளில் உள் விகிதம் மாறியிருந்தால் இன்ஜின் இரைந்து மைலேஜும் கெடும். பில் இல்லாமல் வாங்கக் கூடாது. திருட்டுக் காரின் பாகம் என்று தெரியவந்தால் மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர்.

ஏற்றுவது

புது பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடவே விடாது. ஃப்ளைவீல் முகத்தையும் புது பிரஷர் பிளேட்டின் முகத்தையும் கிளீனர் விட்டுத் துடைத்து, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேட்டை நடுவாக நிறுத்த ஒரு வழிகாட்டிக் கம்பி தேவை. அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் கையேட்டு அளவுக்கு முடிக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும் இருக்கட்டும். அதிகமானால் சுற்றும் வேகத்தில் தெறித்துப் புது பிளேட்டிலேயே விழும்.

பெட்டியை ஏற்றும்போது ஒருவர் பின்னாலிருந்து மெதுவாக அசைக்க, இன்னொருவர் கிராங்க் போல்ட்டைச் சற்றே திருப்பினால் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். கடைசி ஒரு விரல் இடைவெளியைப் போல்ட்டை இறுக்கி மூட முயன்றால் பெட்டியின் காது உடையும். நுழையவில்லை என்றால் பிளேட் நடுவில் இல்லை. திரும்ப எடுத்துச் சரிசெய்யும் அரைமணி நேரம் ஒரு புதுப்பெட்டியை மிச்சப்படுத்தும். டிரைவ் ஷாஃப்ட் உள்ளே போனதும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு என்பதால், ஆயில் ஊற்றும்வரை ஸ்டீயரிங் மேல் ஒரு சீட்டை ஒட்டி வைப்பது நல்லது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் ஓட்டம் தெருவுக்குள், முதலிரண்டு கியரில். அதன்பின் ஜிஎஸ்டி சாலையில் எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். திரும்பியதும் அடியில் டார்ச் அடித்து, டிரைவ் ஷாஃப்ட் சீல்களிலும் வடிக்கும் போல்ட்டிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புது லைனிங் ஃப்ளைவீலோடு முழு முகமும் சேர முதல் 500 கிலோமீட்டர் தேவைப்படும். அதுவரை சுமை ஏற்றி மேட்டில் கிளம்புவதும், மற்ற வண்டியை இழுப்பதும், நெரிசலில் ஹாஃப் கிளட்சில் நிற்பதும் கூடாது. கேபிள் காரில் 500-லும் 1,000-லும் ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து திருத்த வேண்டும். புது பிளேட் படியும் நேரத்தில் அது மாறும். மவுண்ட் போல்ட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம். மாற்றிய பாகங்கள், ஆயிலின் தரம், அன்றைய கிலோமீட்டர், அளந்த ஃப்ரீ பிளே ஆகியவற்றை வண்டிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி, பில்களை அதனுள் செருகி வைத்தால், அடுத்த முறை பெடல் மாறியதாகத் தோன்றும்போது ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.